மேடைக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்: ஒன்றரை லட்சத்துக்குள்ள எது எடுக்கலாம்?

வெள்ளவத்தை_ரிதம்

வணக்கம். இவ்வளவு நாளும் பிக்அப் (கம்பி அதிர்வைக் கரண்டா மாத்திற சாமான்) போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரோட சமாளிச்சன். இப்ப கலியாணம், பேர்த்டே, கோயில் திருவிழா எண்டு எங்கட இசைக்குழுவுக்கு ஓடர் கூடியிட்டுது. ட்ரம்ஸுக்குப் பக்கத்தில நிண்டு கொஞ்சம் வொலியூம் கூட்டினாலே அக்கூஸ்டிக் கூ எண்டு கத்துது. எலெக்ட்ரிக் ஒண்டு எடுக்கத்தான் வேணும்.

கையில ஒன்றரை லட்சம். கிட்டார் மட்டுமில்லை, மேடைக்குத் தேவையான மிச்சமும் அதுக்குள்ள அடங்கோணும். வாசிக்கிறது பைலா, பொப்பிசை, எண்பதுகள் தொட்டு இப்ப வரைக்கும் சினிமாப் பாட்டு, இடைக்கிடை இங்கிலிஷ் ரொக். ஆம்ப் இல்லை. ஹோலில பிடிச்சிருக்கிற சவுண்டுக்கு நேரக் குத்துறதுதான். போக்குவரத்து பஸ், இல்லாட்டி ஓட்டோ.

ஒரு கடையில கிப்சன் லெஸ்போல் கிட்டார் மாதிரி ஒண்டைக் காட்டி "ஸ்டேஜுக்கு இதுதான்" எண்டினம். இன்னொரு கடையில ஃப்ளோய்ட் ரோஸ் (கம்பியைப் பூட்டிற, ஆடுற வகைப் பிரிட்ஜ், அதாவது கம்பி தாங்கி) போட்ட கூரான கிட்டார் ஒண்டைத் தூக்கித் தந்தினம். ரெண்டு பேரும் நான் என்ன வாசிக்கிறன் எண்டு கேக்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ.

தெமட்டகொட_டெலி

டெலி, அதான் ஃபெண்டர் டெலிகாஸ்டர், எடுங்க மச்சான். கதை முடிஞ்சி.

மிக்ஸர்மேசை

கதை முடியல. நான் மேடைக்குக் கீழ மிக்ஸர்ல நிக்கிற ஆள். கிட்டார்காரருக்கு மேல கேக்கிற சத்தம் வேற, எனக்கு வயர்ல வந்து சேர்ற சத்தம் வேற.

டெலி, ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) எல்லாத்துலயும் வழக்கமா இருக்கிறது சிங்கிள் காயில், அதாவது ஒரே சுருள் உள்ள பிக்அப். அது ஸ்ட்ரிங் அதிர்ற சத்தத்தை மட்டும் பிடிக்காது, சுத்தி ஓடுற கரண்டோட இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நம்ம கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50உம் அதோட மடங்குகளும்தான் அடியில "ம்ம்ம்"ன்னு கேக்கிறது. வீட்டு அறையில அது பெருசா தெரியாது. கலியாண ஹோல்ல பின்னால எல்ஈடி வோல், டிம்மர்ல ஓடுற லைட்டு, ஒரே போர்டுல இருந்து இழுத்த பத்து எக்ஸ்டென்ஷன். அதுல, சத்தத்தைக் கரகரப்பாக்குற பெடல் இருக்கே, அந்த டிஸ்டோர்ஷனை மிதிச்சீங்கன்னா, பாடகர் மூச்சு விடுற இடத்துல எல்லாம் உங்க இரைச்சல்தான் கேக்கும்.

ஹம்பக்கர்னு இன்னொரு வகை பிக்அப், அதுல ரெண்டு சுருள். ஒண்ணுக்கொண்ணு எதிரா இணைச்சு, காந்தத்தையும் திருப்பி வச்சிருப்பாங்க. வெளிய இருந்து வர்ற இரைச்சல் எதிரும் புதிருமா வந்து அழிஞ்சிரும், ஸ்ட்ரிங் சத்தம் கூடும். கிப்சன்ல வேலை செஞ்ச செத் லவர் 1955ல இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சாரு. எழுபது வருஷம் ஆகியும் இதுக்கு மேல சுலபமான தீர்வு வரல.

ஆனா உங்களுக்கு பைலா ரிதமும் வேணும். அதுக்கு ஹம்பக்கர் கொஞ்சம் மொத்தமா கேக்கும். அதனால பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், நடுவுலயும் நெக் (கழுத்து) பக்கத்துலயும் சிங்கிள் காயில் உள்ளதா பாருங்க. எச்எஸ்எஸ்னு சொல்லுவாங்க. யமஹா பசிபிக்கா 112வி அந்த வகை. அதுல டோன் திருகியை மேல இழுத்தா ஹம்பக்கரோட ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். ஒரே கிட்டார்ல ரெண்டு குணம்.

தெமட்டகொட_டெலி

> டிஸ்டோர்ஷனை மிதிச்சீங்கன்னா

மிதிக்காட்டி? பாட்டு நிக்கிற எடத்துல வொலியூமைக் குறைக்கத் தெரியாதவனுக்கு ஹம்பக்கர் குடுத்தும் வேலல்ல. டெலில ரெண்டு பிக்அப்பையும் ஒண்டா போட்டா அநேகமான கிட்டார்ல இந்த இரைச்சல் படுத்துரும். அப்புடியும் கேட்டா, நிக்கிற பக்கத்தக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. சரியான கோணத்துல பாதி கொறயும். இது மேடைல நிண்டு வாசிச்சவனுக்குத் தெரியும்.

மத்தது, டெலில கழறுறத்துக்கு ஒண்டுமில்ல. ஒரு சுவிட்ச், ஒரு வொலியூம், ஒரு டோன். பிரிட்ஜ் பொடில ஸ்க்ரூ போட்டு இறுக்கி ஈக்குது, ஆடாது. ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மத்த அஞ்சும் அப்படியே டியூன்ல நிக்கும். 1950ல வந்த சாமான், பேர்தான் மாறிச்சி, அடிப்படை மாறல்ல. பைலாக்கு அந்த டிங் டிங் சத்தம் வேற எதுலயும் வராது.

பழைய_கம்பி

தம்பி, டெலியா பசிபிக்காவா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. இரண்டும் நல்ல கிற்றார்கள். ஃப்ளோய்ட் ரோஸை மட்டும் தொடாதீர்கள். நம்முடைய மேடைக்கு அது ஒத்துவராது.

பாடகர் கடைசி நிமிடத்தில் வந்து, "அண்ணை, இண்டைக்குத் தொண்டை சரியில்லை, ரெண்டு கட்டையிலயிருந்து ஒண்டரைக்கு இறக்குவமோ?" என்பார். கீபோர்ட்காரருக்கு அது ஒரு பொத்தான். ட்ரான்ஸ்போஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதே விரல்களால் அதே இடத்தில் வாசித்துக்கொண்டிருப்பார். நீங்களோ டி-யில் பிடித்ததையெல்லாம் சி ஷார்ப்பில் பிடிக்க வேண்டும். திறந்த கம்பிக் கோர்ட்டுகளை நம்பியிருந்தவருக்கு அங்கேயே வியர்த்துவிடும். சாதாரண பிரிட்ஜ் உள்ள கிற்றார் என்றால், அடுத்த அறிவித்தல் முடிவதற்குள் ஆறு கம்பியையும் அரைக் கட்டை இறக்கிவிடலாம். ஃப்ளோய்ட் ரோஸில் முதலில் நட்டில் (கழுத்தின் மேல்நுனியில் கம்பிகள் தங்கும் பட்டை) உள்ள பூட்டுகளை அலன் சாவியால் தளர்த்த வேண்டும். பிறகு ஒரு கம்பியை இறக்கினால், பின்னாலுள்ள ஸ்பிரிங் பிரிட்ஜைத் தன் பக்கம் இழுக்க, மற்ற ஐந்தும் ஏறும். அவற்றைச் சரிசெய்யப் போனால் முதற்கம்பி மாறும். கம்பி அறுந்தாலோ கேட்கவே வேண்டாம், மிச்ச ஐந்தும் ஒன்றாகச் சுருதி விலகும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கிற்றார் எதுவானாலும் பார் கோர்ட்டுகளை (ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிப்பவை) கை பழக்கிக்கொள்ளுங்கள். கட்டை ஏற்றினால் கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி) இருக்கிறது, இறக்கினால் அது உதவாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் கீபோர்ட்டின் திரையை எட்டிப் பார்ப்பதும் நல்லது. சொல்லாமல் தட்டிவிடும் கீபோர்ட்காரர்கள் இருக்கிறார்கள்.

மிக்ஸர்மேசை

கீபோர்ட்காரங்களைப் பத்தித் தனியா ஒரு இழை தொடங்கலாம் ஐயா.

கல்கிசை_கோரஸ்

லெஸ்போல் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நான் ஹோட்டல் லொபியிலும் சேர்ச்சிலும் வாசிக்கிறேன், எபிஃபோன் லெஸ்போல் ஒன்று கொஞ்சக் காலம் வைத்திருந்தேன். சத்தம் அருமை. ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) 628 மில்லிமீற்றர்தான், ஃபெண்டர் வகைகளில் 648, அதனால் ஸ்ட்ரிங் விரலுக்கு மென்மையாக இருக்கும். சின்னக் கைக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் நாலு கிலோ அளவில் ஒரு சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளை மட்டும் உட்கார்ந்து, இரவு முழுக்க நின்று வாசித்துப் பாருங்கள். அடுத்த நாள் கழுத்து திரும்பாது. அதைவிடப் பெரிய பயம் அதன் தலை. லெஸ்போலின் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். நட்டுக்குப் பின்னால் மரம் மெல்லியது, ட்ரஸ் ரொட்டுக்காக (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) அங்கே குடைந்தும் இருப்பார்கள். பைக்குள் இருந்தபடியே மல்லாக்க விழுந்தாலும் அந்த இடத்தில்தான் வெடிக்கும். நீங்கள் 100ஆம் நம்பர் பஸ்ஸில் பின்னேரம் ஐந்தரைக்கு ஏறுகிற ஆள் என்றால் யோசித்துப் பாருங்கள். பசிபிக்கா, டெலி, ஸ்ட்ராட் எல்லாவற்றுக்கும் தலை நேர். நெக்கும் நாலு ஸ்க்ரூவில் பூட்டியது, மோசமாக உடைந்தால் கழற்றி வேறு போடலாம்.

இன்னொன்று, ஏசி. வெளியில் வேர்த்துக் கொட்டும், ஹோலுக்குள் குளிர் நடுக்கும். உள்ளே போனதும் ஸ்ட்ரிங் இறுகிச் சுருதி ஏறும். போன உடனே டியூன் பண்ணுவதில் பயனில்லை. பையைத் திறந்து வைத்துவிட்டு வயர் வேலைகளைப் பாருங்கள், அரை மணித்தியாலம் போகட்டும்.

வெள்ளவத்தை_ரிதம்

நன்றி அக்கா, லெஸ்போல் பட்டியலில இருந்து போயிட்டுது. ஃப்ளோய்ட் ரோஸும் போச்சு. 112வி புதுசு விசாரிச்சன், அதை எடுத்தா மிச்சச் சாமானுக்குக் காசில்லை. பழசு எடுக்கப் பயமா இருக்கு, எனக்கு கிட்டாரின்ர உள்ளுடன் ஒண்டும் தெரியாது. புதுசில விலை குறைஞ்ச ஸ்கொயர் (ஃபெண்டரின்ர மலிவு வகை) ஒண்டு எடுக்கிறது நல்லமோ, இல்லாட்டி பழைய பசிபிக்காவோ?

கொட்டாஞ்சேனை_பட்டறை

பழைய பசிபிக்கா. யோசிக்கவே வேணாம்.

புதுசு ஏன் இந்த விலைன்னா, 2022ல ரூபா விழுந்தப்போ 200 அளவுல இருந்த டொலர் சில வாரத்துல 350ஐத் தாண்டிச்சு. பிறகு இறங்குனாலும் பழைய இடத்துக்கு வரல. 2024ல இருந்து வற் வரி 18 வீதம். கப்பல்ல வர்ற எந்தச் சாமானும் இதுல தப்பாது. ஆனா அதுக்கு முன்னாடி பிள்ளைக்குன்னு வாங்கி, ஓலெவல் வந்ததும் அலுமாரிக்கு மேல ஏத்துன கிட்டாருங்க கொழும்புல நிறைய இருக்கு. இக்மன் வெப்சைட்ல தினமும் பாருங்க. வெளிநாடு போறவங்க விக்கிறதுதான் நல்லா அமையும், அவங்களுக்கு நாள் குறிச்சிருக்கும்.

நான் ரிப்பேர் செய்யிற ஆளு. பழசு பாக்கப் போனா என்ன செய்யணும்னு சொல்றேன், தெரிஞ்ச யாரையும் கூட்டிட்டுப் போகலன்னாலும் சமாளிக்கலாம்.

முதல்ல பிளக் பண்ணாதீங்க. கிட்டாரைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கி, பிரிட்ஜ் பக்கத்துல இருந்து நெக் நெடுக ஒரு கண்ணால பாருங்க. ஒரு பக்கம் முறுக்கிட்டுப் போயிருந்தா நன்றி சொல்லிட்டு வந்துருங்க, அது திருந்தாது. முன்னுக்கோ பின்னுக்கோ வளைஞ்சிருந்தா ட்ரஸ் ரொட்டால சரி பண்ணலாம். அதை அளக்க, தடிச்ச ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்லயும் (நெக்குல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டி) கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமத்திட்டு, ஏழாவது எட்டாவது பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில பாருங்க. கால் மில்லிமீற்றர் இருக்கணும், ஒரு விசிட்டிங் காட் மட்டுமட்டா போற அளவு. ஒட்டிட்டு இருந்தாலும் சரி, ரெண்டு மூணு காட் போனாலும் சரி, ட்ரஸ் ரொட் நட்டு தேயாம இருக்கான்னு பாருங்க. அது தேஞ்சிருந்தா விலை பாதிக்கு இறங்கணும்.

அடுத்து ஃப்ரெட். முதல் மூணு ஃப்ரெட்ல மெல்லிய ரெண்டு ஸ்ட்ரிங்குக்குக் கீழ குழி விழுந்திருக்கும், எல்லாரும் அங்கதான் கோர்ட் பிடிப்பாங்க. நகம் தட்டுப்படுற குழின்னா ஃப்ரெட் வேலை வரும். பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒண்ணுல இருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஒண்ணு விடாம வாசிங்க. எங்கயாவது செத்துப் போற சத்தம் வருதான்னு கேளுங்க. விக்கிறவர் முகம் சுளிப்பாரு, பரவால்ல.

பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஹார்மொனிக் (ஸ்ட்ரிங்கை அமத்தாம லேசா தொட்டு எழுப்புற சத்தம்) ஒண்ணு, அதே ஃப்ரெட்ல அமத்தி ஒண்ணு, ரெண்டும் டியூனர்ல ஒரே இடத்துல நிக்கணும். நிக்கலன்னா சாடிலை (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் தங்குற துண்டு) நகர்த்திச் சரி பண்ணலாம், ஆனா நம்ம ஊர்ல அந்தச் சாடில் ஸ்க்ரூ துருப் பிடிச்சு இறுகிப் போயிருக்கும். கடலோர வீட்டுக் கிட்டார்னா கட்டாயம் பாருங்க. உப்புக் காத்து முதல்ல அங்கதான் கை வைக்கும்.

இப்ப பிளக் பண்ணுங்க. ஜக்குல வயரை லேசா ஆட்டுங்க. சத்தம் விட்டு விட்டு வந்தா ஈயம் வச்சா போதும், விலை பேச உதவும். திருகிகளைத் திருப்பினா கரகரன்னு வந்தாலும் அப்படித்தான்.

எல்லாம் சரின்னா ஃப்ரெட்டைத் துடைச்சு, புது ஸ்ட்ரிங் போட்டு, உயரம் சரி பண்ணிக்கோங்க. விலை கூடின கிட்டார் செட்டப் இல்லாம இருக்கிறதைவிட, இது மேடையில நல்லா நிக்கும். பசிபிக்காவுல ட்ரெமலோ (பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை வளைக்கிற அமைப்பு) இருக்கு. நீங்க அதை ஆட்டப் போறதில்லன்னா, பின்மூடியைக் கழட்டி ஸ்பிரிங் கொளுவுற தகட்டு ஸ்க்ரூ ரெண்டையும் இறுக்குங்க. பிரிட்ஜ் பொடியோட ஒட்டி உக்காந்துரும். டெலி நானா சொல்ற அந்த ஆடாத குணத்துல முக்கால்வாசி இதுலயே கிடைக்கும்.

தெமட்டகொட_டெலி

முக்கால்வாசி. நீங்களே செல்லிட்டீங்க.

வெள்ளவத்தை_ரிதம்

இதைத்தான் தேடிக்கொண்டு திரிஞ்சன். அண்ணை, சவுண்டுக்கு நேரக் குத்துறது எண்டு சொன்னனான். மல்டி எஃபெக்ட்ஸ் (பல விதமாச் சத்தத்தை மாத்திற பெட்டி) ஒண்டு காணுமோ, இல்லாட்டி சின்ன ஆம்ப் வேணுமோ?

மிக்ஸர்மேசை

மல்டி எஃபெக்ட்ஸ் போதும். பொஸ் ஜிடி-1, சூம் ஜி1 ஃபோர் மாதிரி சின்னதா ஒண்ணு, அதுவும் பழசுல எடுங்க. சின்ன ஆம்பை பஸ்ல தூக்கிட்டு வந்தாலும் அதுக்கு முன்னால நான் மைக் வைக்கணும், மேடையில இடமும் இருக்காது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அந்தப் பெட்டிக்குள்ள ஸ்பீக்கர் சத்தத்தைப் போலச் செய்ற ஒரு அமைப்பு இருக்கும். மிக்ஸருக்கு வரும்போது அது ஓன்ல இருக்கணும். கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் உச்ச ஸ்தாயி இரைச்சலை எல்லாம் தானாவே வெட்டிரும், ஹோல் ஸ்பீக்கர் வெட்டாது. அதை ஓஃப்ல வச்சிட்டு டிஸ்டோர்ஷன் போட்டா காதுக்குள்ள நுளம்பு பூந்த மாதிரி இருக்கும். நான் மிக்ஸர்ல எவ்வளவு திருகினாலும் போகாது. அதோட வீட்ல ஹெட்ஃபோன்ல செஞ்ச செட்டிங்கை நம்பாதீங்க. பேஸைக் குறைச்சு, ரிவர்பைப் பாதியாக்கிட்டு வாங்க. ஹோலுக்கே எதிரொலி இருக்கு. கிளீன், ரிதம், சோலோ, மூணு சத்தம் போதும். மூணுக்கும் வொலியூமை ஒப்பிட்டு வச்சுக்கோங்க, சோலோ மட்டும் கொஞ்சம் கூட.

இப்ப முக்கியமான விஷயம். இதை எல்லாரும் படிங்க.

கிட்டார் ஸ்ட்ரிங் எல்லாம் வயர் வழியா எர்த்தோட இணைஞ்சிருக்கு. மைக்கோட உடம்பும் மிக்ஸர் வழியா எர்த்துக்குத்தான் போகும். இந்த ரெண்டு எர்த்துக்கும் இடையில வித்தியாசம் இருந்தா, இல்ல ஒரு பக்கம் எர்த்தே இல்லன்னா, கையில ஸ்ட்ரிங், உதட்டுல மைக், நடுவுல நீங்க. பழைய ஹோல்கள்ல எர்த் இல்லாத பிளக் பாயின்ட் இருக்கு. "ம்ம்ம்" போகணும்னு மூணாவது பின்னை உடைச்சு விட்ட எக்ஸ்டென்ஷனும் புழங்குது. அப்படி ஒண்ணைக் கண்டா மேடையில இருந்து தூக்கிப் போடுங்க. இரைச்சலை நிறுத்த வேற வழி இருக்கு. கிட்டார் பெட்டி, கீபோர்ட், மிக்ஸர் எல்லாத்துக்கும் ஒரே போர்டுல இருந்து கரண்ட் எடுக்கலாம், ஒரு டிஐ பொக்ஸ் (கிட்டார் சத்தத்தை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) வச்சு அதுல கிரவுண்ட் லிஃப்ட் (கரண்ட் வயர்ல இல்ல, சத்த வயர்ல மட்டும் எர்த்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) போடலாம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கான்னு ஹோல்காரரைக் கேளுங்க. வெளியில ஜெனரேட்டர்னா கட்டாயம் கேளுங்க. பாடும்போது உதட்டுல சுரீர்னு பட்டா பாட்டை நிறுத்துங்க. கலியாண வீடு கோவிச்சா கோவிக்கட்டும்.

பழைய_கம்பி

இதை நூறு முறை சொன்னாலும் தகும். அந்தச் சுரீரை எல்லாரும் பழகிப்போன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

காசைப் பிரிப்பது பற்றி என் எண்ணம்: கிற்றாருக்கு எண்பதிலிருந்து தொண்ணூறாயிரம். எஃபெக்ட்ஸ் பெட்டிக்கு முப்பது, முப்பத்தைந்து. மிச்சம் செட்டப்புக்கும், நல்ல வயர் இரண்டுக்கும், தடித்த பைக்கும், இரண்டு செட் கம்பிக்கும். வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். மேடையில் சத்தம் நின்றால் பத்தில் எட்டுத் தடவை காரணம் வயர்தான். ஆறு மீற்றர் போதும், அதற்கு மேல் நீளம் போனால் கூரான சத்தம் மழுங்கும். ஸ்ட்ராப் கழன்று விழாமல் இருக்க, ஹார்ட்வெயார் கடையில் பைப்புக்குப் போடும் றப்பர் வாஷர் இரண்டு வாங்கி அந்தப் பொத்தான்களில் அழுத்திவிடுங்கள். பெரிய பூட்டெல்லாம் தேவையில்லை.

கல்கிசை_கோரஸ்

ஸ்ட்ரிங் 10-46 (மெல்லியது, தடித்தது இரண்டின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் கணக்கு) போடுங்கள். 9-42 வளைக்கச் சுகம், ஆனால் மேடையில் உணர்ச்சிவசப்பட்டு அடிக்கும்போது சுருதி ஆடும். வாசித்து முடிந்ததும் துணியால் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள், இந்த வேர்வைக்கு இரண்டு நாளில் கறுத்துவிடும்.

வெள்ளவத்தை_ரிதம்

தெஹிவளையில ஒரு 112வி கிடக்கு. ஆள் அடுத்த மாசம் கனடா போறார், 95 சொல்றார். பட்டறை அண்ணை சொன்ன மாதிரியே ஒண்டு விடாமல் பாத்தன். நெக் நேர். விசிட்டிங் காட் மட்டுமட்டாப் போகுது. ஃப்ரெட்டில குழி இல்லை, பெரிசா வாசிக்கப்படாத கிட்டார். டோன் திருகியை இழுத்தா சத்தம் மாறுது. குறை எண்டா: ட்ரெமலோ கைபிடி துலைஞ்சிட்டுது, சாடில் ஸ்க்ரூவில ரெண்டு துரு, வொலியூம் திருப்பேக்க கரகரக்குது. படம் பட்டறை அண்ணைக்கு இன்பொக்ஸில அனுப்பியிருக்கிறன்.

கொட்டாஞ்சேனை_பட்டறை

படம் பாத்தேன். நல்ல சாமான், விடாதீங்க. கைபிடி நமக்குத் தேவையே இல்ல. துருப் பிடிச்ச ஸ்க்ரூவுல ஒரு துளி எண்ணெய் விட்டு ராத்திரி வச்சா இளகும், இளகலன்னா அந்தச் சாடிலை மட்டும் மாத்தலாம். வொலியூமுக்கு எலெக்ட்ரோனிக்ஸ் கடையில கொன்டக்ட் கிளீனர் வாங்கி உள்ளுக்கு அடிச்சு, இருபது தடவை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்புங்க. பூட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடிச்சிராதீங்க. இந்த மூணு குறையையும் விக்கிறவருக்கு முன்னாலயே ஒவ்வொண்ணா சொல்லிட்டு 85 கேளுங்க.

தெமட்டகொட_டெலி

85 இல்ல, 80 கேளுங்க. கனடாக்குப் போறவன் கிட்டாரையும் தூக்கிட்டா போகப் போறான்?

வெள்ளவத்தை_ரிதம்

84க்கு முடிஞ்சுது. பை சும்மா தந்தவர். பட்டறை அண்ணை, சனிக்கிழமை கொண்டு வரலாமோ?

கொட்டாஞ்சேனை_பட்டறை

பத்து மணிக்குப் பிறகு வாங்க. 10-46 ஒரு செட் வாங்கிட்டு வாங்க, என்கிட்ட 9 மட்டும்தான் இருக்கு.